ஐசியூ வாசலில் நான், டீக்கடையில் அண்ணன்: யாருக்கு மனசு பலவீனம்?

வந்த கேள்வி இது, சற்றுச் சுருக்கியிருக்கிறேன்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 11 நாள் ஐசியூவில் இருந்தார். கையெழுத்துப் போட்டது, டாக்டரிடம் பேசியது, மருந்து வாங்க ஓடியது எல்லாம் நான். அண்ணன் பாதி நேரம் எதிர் டீக்கடையில்தான் நின்றான். உள்ளே போய் அப்பாவைப் பார்க்கக்கூட மாட்டேன் என்றான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது, கைத்தடி பிடித்து நடக்கிறார். அண்ணன் நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வருகிறது, ஃபோன் அடித்தால் படபடப்பு, காரணமே இல்லாமல் அழுகை. அன்றைக்கு எல்லாவற்றையும் தாங்கிய நான் இன்றைக்கு ஏன் உடைகிறேன்? எங்கள் இருவரில் யாருக்கு மனசு பலவீனம்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இரண்டு பேருக்குமே இல்லை. வெறுமனே இப்படிச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதுபோல இருக்கும். அதனால் காரணத்தையும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் 18 வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தவள். உள்ளே படுத்திருப்பவரை டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்வார்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் என் ஆட்கள். அந்த வராந்தா உங்களுக்கும் தெரிந்ததுதான். சுவரோரம் சுருட்டி வைத்த பாய், எண்ணெய் ஏறிய தலையணை, ஒரு ஃபிளாஸ்க், ஒரே ஒரு பிளக் பாயிண்ட்டில் முறைவைத்துச் சார்ஜ் ஏறும் நாலைந்து ஃபோன்கள். செக்யூரிட்டி கதவைத் திறந்து "ஏழாம் நம்பர் பெட் அட்டெண்டர் யாருங்க?" என்று கூப்பிட்டால் ஏழாம் நம்பர்க்காரர் மட்டும் எழுந்திருக்க மாட்டார், வராந்தாவே எழுந்து நிற்கும்.

ஒருவர் மானிட்டரில் பார்த்த பி.பி.யை மணிக்கு மணி நோட்டில் எழுதி வைப்பார். ஒருவர் செக்யூரிட்டியோடு சண்டை போடுவார். ஒருவர் காலையில் பிள்ளையார் கோயில், சாயங்காலம் தர்கா என்று எதையும் விடமாட்டார். ஒரு அம்மா பக்கத்துப் பாய்க்காரர்களுக்கெல்லாம் இட்லி பங்கிடுவார். இன்னொருவர் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்குவார், சாப்பிடக்கூட எழுப்பத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர்களில் யார் தாக்குப்பிடிப்பார், யார் விழுவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தப்பாமல் தப்பியது.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு விஷயங்களுக்கு எழுதுகிறோம். நாம் அன்றாடம் டென்ஷன் என்று சொல்வதற்கும் அதுதான், டிப்ரஷன் என்கிற நோய்க்கும் பல பத்திரிகைகளில் அதுதான். நோய்க்கு மனச்சோர்வு என்ற சொல் தனியாக இருக்கிறது. நான் இங்கே பேசப்போவது முதலாவதை: தலைமேல் ஒரு பாரம் வந்து இறங்கும்போது உடம்பும் மனசும் அதை எதிர்கொள்ளும் விதம்.

உடம்பு என்ன செய்யும் என்பதை நம் ஆட்கள் எந்தப் பாடமும் படிக்காமலே சொல்லி வைத்திருக்கிறார்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நாக்கு ஒட்டிக்கொண்டது, கை கால் ஓடவில்லை. சில நொடிகளில் அட்ரினலின் ஏறுகிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது, எச்சில் வற்றுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சில நிமிடம் கழித்து, மூளையின் உத்தரவில், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் வருகிறது. சண்டை நீளும்போல இருக்கிறது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்று என்பது அதன் வேலை.

1936ல் மான்ட்ரியலில் இருந்த ஹான்ஸ் செல்யே 'நேச்சர்' இதழில் ஒரு குட்டிக் கடிதம் எழுதினார். எலியைக் குளிரில் வைத்தாலும், அறுவை செய்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், விஷ மருந்து கொடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான் என்றார்: அட்ரினல் வீங்குகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. அடி எதுவாக இருந்தாலும் உடம்பின் பதில் ஒன்று என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. அது பாதி சரி. ஒரே அடி இரண்டு பேர்மேல் ஒரே மாதிரி விழுமா என்பது மீதிப் பாதி. உங்கள் கதை அதில்தான் இருக்கிறது.

1958ல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி என்பவர் குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் கட்டி உட்கார வைத்தார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அது வேறு விஷயம். 20 நொடிக்கு ஒருமுறை காலில் ஷாக் வரும். ஒரு குரங்கு தன் கையிலிருக்கும் விசையை அதற்குள் அமுக்கிவிட்டால் இரண்டுக்கும் ஷாக் இல்லை, மறந்துவிட்டால் இரண்டுக்கும் உண்டு. மற்றதற்கும் ஒரு விசை கொடுத்திருந்தார்கள், ஆனால் அது டம்மி. 6 மணி நேரம் டியூட்டி, 6 மணி நேரம் ஓய்வு. பொறுப்பிலிருந்த குரங்குக்கு 'எக்ஸிக்யூட்டிவ் குரங்கு' என்று பெயர் வந்தது. முதல் எக்ஸிக்யூட்டிவ் 23 நாளில் செத்தது, வயிற்றைத் திறந்து பார்த்தால் புண். டம்மி விசைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. பொறுப்பை ஏற்பவனுக்குத்தான் அல்சர் என்று பேச்சுப் பரவியது.

இதைப் படித்ததும் 'அது நான்தான், அந்த டம்மி விசை அண்ணன்' என்று உங்களுக்குத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பிரேடி ஒரு தப்புச் செய்திருந்தார். முன்னோட்டத்தில் எந்தக் குரங்கு வேகமாக விசையை அமுக்கியதோ அதையே எக்ஸிக்யூட்டிவ் ஆக்கினார், சாதுவானவை எதிர்ப்பக்கம் போயின. பத்து வருடம் கழித்து நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் இதையே எலிகளை வைத்து, ஆள் தேர்வு இல்லாமல் குலுக்கல் முறையில் செய்து பார்த்தார். முடிவு தலைகீழாக வந்தது. சக்கரத்தைத் திருப்பி ஷாக்கை நிறுத்த முடிந்த எலிக்குப் புண் குறைவு. அதே அளவு ஷாக்கை வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்த எலிக்குப் புண் அதிகம்.

வைஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. எலி சரியாகச் செய்தவுடன் ஒரு மணியோசை கேட்கும்படி வைத்தார், 'நீ செய்தது பலித்தது' என்று சொல்வதுபோல. புண் இன்னும் குறைந்தது. அப்புறம் கொஞ்சம் கொடூரமாக, சரியாகச் செய்தாலும் ஒரு சின்ன ஷாக் வரும்படி மாற்றினார். இப்போது பொறுப்பிலிருந்த எலி, ஒன்றும் செய்ய முடியாத எலியைவிட மோசமாகிவிட்டது. அவர் கடைசியில் எடுத்த முடிவு இதுதான்: எத்தனை முறை ஓடினாய், ஓடியது பலித்தது என்று உனக்குத் தெரிந்ததா, இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நிறைய ஓட்டம், பலன் தெரியவில்லை என்றால் உடம்பு அதிகம் சேதமாகும்.

(எலிக்கதையை மனிதருக்கு அப்படியே ஒட்டவைத்துவிடக் கூடாது. நமக்கு வரும் அல்சரில் பெரும்பகுதிக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும்தான். அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 'டென்ஷனால் வந்த அல்சர்தானே' என்று மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.)

இப்போது உங்கள் 11 நாளைப் பாருங்கள். நர்ஸ் சீட்டு நீட்டுகிறார், ஃபார்மஸிக்கு ஓடுகிறீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகத் தரைத்தளத்துக்கு ஓடுகிறீர்கள். ரத்தம் கொடுக்க ஆள் தேடுகிறீர்கள். இதில் எந்த ஓட்டத்துக்காவது முடிவில் மணி அடித்ததா? 'நீங்கள் வாங்கி வந்த மருந்தால் அப்பா தேறினார்' என்று யாராவது சொன்னார்களா? 'இன்னும் 24 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்' என்றிருப்பார்கள். டாக்டர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் உங்கள் உடம்புக்கு அது 11 நாள் மணியடிக்காத ஓட்டம்.

கையெழுத்து விஷயம் இன்னும் கனமானது. எதற்குப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஸ்ட்ரோக்கில் ஒருவர் நேரத்தோடு வந்து சேர்ந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும். 1995ல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது 100ல் 6 பேர் அளவுக்கு இருந்தது. டாக்டர் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டுவார். நீட்டித்தான் ஆக வேண்டும், நேரம் போகப் போக மூளை செல்கள் செத்துக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் கையைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து அவருடைய கையெழுத்தாகவே இருக்காது. அங்கே பொறுப்பு முழுக்க உங்கள் தலையில், பிடி ஒன்றும் உங்கள் கையில் இல்லை. கட்டி கரைவதும் கரையாததும் உங்கள் பேனாவைக் கேட்டா நடக்கிறது?

இது என் ஊகம் மட்டும் இல்லை. பிரான்சில் 21 ஐசியூக்களில் நோயாளிகளின் குடும்பத்தார் 284 பேரிடம் 90 நாள் கழித்து விசாரித்து, 2005ல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு, பேரதிர்ச்சிக்குப் பிறகு வருகிற அறிகுறிகள் இருந்தன: அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, திடுக்கிடுவது, தூக்கம் போவது. டாக்டர்கள் சரியாக எதையும் சொல்லவில்லை என்று நினைத்தவர்களிலும், முடிவெடுப்பதில் பங்கெடுத்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தன. அதற்காகக் குடும்பத்தைக் கேட்காமலே முடிவெடுக்கலாம் என்று அர்த்தமில்லை. முடிவில் பங்கு கொடுத்தால் அதைத் தாங்கத் துணையும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் பேனாவோடு வேலை முடிந்துவிடுகிறது.

90 நாள் என்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கும் மூன்று மாதம்தான். நீங்கள் தனியாகக் கண்டுபிடித்த நோய் இல்லை இது.

அந்த 24 மணி நேரம் பற்றி இன்னும் ஒன்று. லண்டனில் 2016ல் ஒரு ஆய்வு வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒவ்வொரு கல்லாகப் புரட்ட வேண்டும், கீழே பாம்பு இருந்தால் கையில் ஷாக். கட்டாயம் ஷாக் வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு என்றிருந்தபோதுதான் விளையாடியவர்களுக்கு அதிகம் வியர்த்தது, கண்மணி அதிகம் விரிந்தது. கெட்ட செய்தி வந்துவிட்டால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற மனசு, வருமா வராதா என்ற இடத்தில்தான் படாதபாடு படுகிறது. பரீட்சை முடிவுக்கு முந்தின ராத்திரியை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 'நாலு பேர்'. தமிழ்நாட்டில் ஐசியூ என்றால் இவர்களைச் சொல்லாமல் முடியாது. "ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனே? எங்க ஊர்ல அந்த டாக்டர்கிட்ட காட்டியிருந்தா மூணே நாள்ல எழுந்து உக்கார்ந்திருப்பார்" என்று ஒரு சித்தப்பாவோ அத்தையோ ஃபோனில் சொல்லியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993ல் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு குழுவுக்கு முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும், அப்புறம் 1022லிருந்து 13 13ஆகக் கழித்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. அவ்வளவுதான், அடியும் இல்லை உதையும் இல்லை. கார்டிசால் ஏறிவிடும். இப்படிப்பட்ட 208 ஆய்வுகளை 2004ல் இரண்டு பேர் சேர்த்து அலசினார்கள். கார்டிசாலை அதிகம் ஏற்றுவது எது என்று பார்த்தால், பிறர் நம்மை எடைபோடுவதும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதும் ஒன்றாகச் சேரும் இடம்தான். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது வெறும் சம்பிரதாயப் பயமில்லை, ரத்தத்தில் அளக்கக்கூடிய பயம். உங்கள் 11 நாளில் அந்தக் குழு உங்கள் ஃபோனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஃபோன் அடித்தால் இன்றைக்கும் ஏன் படபடக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வீடு. மூத்த மகள் வராந்தாவில், மகன் எதிர் டீக்கடையில். நாலாவது நாள் நானே இறங்கிப்போய் அந்தப் பையனிடம், "அக்கா ஒண்டியா அல்லாடுதே, ஒரு தடவையாவது மேல வந்து நிக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த சின்ன நோட்டைக் காட்டினான். பெயர், தொகை, பெயர், தொகை. சில பெயர்களை அடித்திருந்தது. பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அக்கா காதில் விழக் கூடாது என்று டீக்கடையில் நின்று நாலு நாளாகக் கடன் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியின் ஆர்.சி. புக்கை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டான். டீயை ஆறவிட்டுக் குடிக்க மறந்து, இன்னொன்று சொல்லி, அதையும் ஆறவிட்டுக்கொண்டிருந்தான்.

உங்கள் அண்ணனும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. டீக்கடையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன். 11 நாள் ஐசியூ பில்லில் காப்பீட்டு அட்டை போக மீதியை யார் புரட்டினார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பணக்கவலை மண்டையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே ஆள்தான், அதே மூளைதான். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய காலத்தில் புதிர்ச் சோதனைகளில் பின்தங்கினார், கரும்புப் பணம் வந்த பிறகு தேறினார். நெருக்கடியில் ஒருவர் மந்தமாகத் தெரிந்தால் அவர் குணம் அது என்று எழுதிவிடுவது எளிது. பல சமயம் அது அவர் பர்ஸின் நிலவரம்.

சரி, அண்ணன் அப்படி ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றார் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் ஒரு வழிதான். அமெரிக்க உளவியலாளர் சுசான் மில்லர் ஆட்களை இரண்டு தினுசாகப் பார்த்தார்: எல்லாத் தகவலையும் தேடித் தேடித் தெரிந்துகொண்டால்தான் நிம்மதி என்பவர்கள், தெரியாமல் இருந்தால்தான் நிம்மதி என்பவர்கள். 1983ல் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களில் சிலருக்கு என்ன செய்யப்போகிறோம் என்று விலாவாரியாகச் சொன்னார்கள், சிலருக்கு மேலோட்டமாக. அவரவர் தினுசுக்கு ஏற்றபடி சொன்னபோதுதான் உடம்பு அடங்கியது. தெரிந்துகொள்ள விரும்பாதவரிடம் எல்லாவற்றையும் கொட்டினால் அவருக்குப் பதற்றம், தெரிந்தே ஆக வேண்டியவரிடம் மறைத்தால் இவருக்குப் பதற்றம். நீங்கள் முதல் தினுசு, அண்ணன் இரண்டாம் தினுசு என்று தோன்றுகிறது. மூக்கில் குழாய் போட்டுக் கிடக்கும் அப்பாவைப் பார்க்காமல் இருந்தது அவருடைய டம்மி விசை இல்லை, அவர் கைவசம் இருந்த ஒரே விசை.

விலகி நிற்பது குறுகிய காலத்துக்கு நன்றாகவே வேலை செய்யும், இதற்குச் சான்றுகள் உண்டு. நாள் போகப் போக அந்த லாபம் கரையும். அப்பா இன்னும் பல வருடம் கைத்தடியோடு நடக்கப்போகிறார், பி.பி. பார்க்க வேண்டும், பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே டீக்கடை உதவாது. அண்ணனுடைய கஷ்டம் இனிமேல்தான் வரக்கூடும் என்பதையும் யோசியுங்கள். அழாமல் நின்றதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். 'ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது' என்று ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டு முப்பத்தைந்தில் ஏன் அழவில்லை என்று கேட்கிறோம்.

இப்போது 'ஏன் இன்றைக்கு' என்ற உங்கள் கேள்வி. பிரேடியின் குரங்குகளில் தேர்வு தப்பாக இருந்தாலும் அவர் கவனித்த ஒன்று சுவாரஸ்யமானது. வயிற்று அமிலம் டியூட்டி நேரத்தில் ஏறவில்லை, டியூட்டி முடிந்த ஓய்வு நேரத்தில்தான் ஏறியது. வாரம் முழுக்க ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒற்றைத் தலைவலியோடு படுப்பவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் அத்தனையையும் இழுத்துப்போட்டுச் செய்த அத்தை, பந்தல் பிரித்த மறுநாள் காய்ச்சலில் விழுவதும் இதே ரகம். ஓடும்போது உடம்பு எதையும் கணக்குப் பார்ப்பதில்லை. உட்கார்ந்த பிறகுதான் பில்லை நீட்டுகிறது. நீங்கள் அன்றைக்குத் தாங்கினீர்கள், இன்றைக்கு உடைகிறீர்கள் என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே செலவுதான், பில் மட்டும் தாமதமாக வந்திருக்கிறது.

அதோடு, உங்கள் ஓட்டம் இன்னும் முடியவும் இல்லை. ராத்திரி அப்பாவைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது யார்? பராமரிப்பவர் உடம்பு எவ்வளவு தேயும் என்பதற்கு ஓஹையோவில் 1995ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவு சின்னக் காயம் வைத்து, அது ஆற எத்தனை நாள் என்று பார்த்தார்கள். அந்தச் சுமை இல்லாத பெண்களுக்கு ஆனதைவிட இவர்களுக்கு 9 நாள் கூடுதலாக ஆனது. தோலுக்கே 9 நாள்.

2 மணி முழிப்பு பற்றிச் சுருக்கமாக. கார்டிசால் நடுராத்திரி வாக்கில் அடியில் இருக்கும். 2, 3 மணிக்கு மேல் மெல்ல ஏற ஆரம்பித்து, காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போகும். தூக்கம் லேசாக இருப்பவர்களை எழுப்ப அந்த நேரம் போதும். முழித்தால் மணி பார்க்காதீர்கள், ஃபோனைத் தொடாதீர்கள். 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் மங்கின வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கினதும் திரும்பிப் போய்ப் படுங்கள். படுக்கைக்கும் கவலைக்கும் முடிச்சு விழாமல் இருக்க இது உதவும்.

ஃபோனில் ரிங்டோனை இன்றைக்கே மாற்றுங்கள். சிரிக்காதீர்கள், என் அனுபவத்தில் நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. அந்த 11 நாளும் எந்தப் பாட்டு அடித்ததோ அதே பாட்டு இன்றைக்கும் அடித்தால், ஐசியூவிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றுதான் உடம்பு முதலில் நினைக்கும். கூப்பிடுவது சிலிண்டர்க்காரர் என்பது மூளைக்கு அப்புறம்தான் எட்டும்.

ஒரு முறை ரத்தப் பரிசோதனையில் தைராய்டைப் பார்த்துவிடுங்கள். படபடப்பு, தூக்கமின்மை, அழுகை மூன்றும் அதிலும் வரும். எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடக் கூடாது. அது சரியாக இருந்து, இந்த அறிகுறிகள் இன்னும் குறையாமல் வேலையையும் வீட்டையும் பாதித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றே சொல்வேன். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

அண்ணனை உட்காரவைத்து 'மனசில் இருப்பதையெல்லாம் கொட்டு' என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். பேரிடருக்குப் பிறகு எல்லோரையும் ஒரே அமர்வில் பேசவைத்தால் பின்னால் பாதிப்பு வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது உதவியதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போனது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமங்களில் பேசிப் பார்த்த வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008ல் எழுதியதும் இதை ஒட்டித்தான். அந்த மக்கள் முறையான மனநல சேவைகளைவிடத் தங்கள் சொந்த வழிகளையும், கூடி இருந்ததையும், தங்கள் நம்பிக்கைகளையும்தான் பெரிதாக மதித்தார்கள். பேசத் தோன்றும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

பக்கத்தில் ஆள் என்பதை லேசாக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2006ல் வெளியான ஓர் ஆய்வில் கல்யாணமான பெண்கள் 16 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஷாக் வரப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் அபாயத்தைக் கையாளும் பகுதிகள் மிகவும் அடங்கின, முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோதும் ஓரளவு அடங்கின. யார் கையும் இல்லாதபோதுதான் அதிகம் கொந்தளித்தன. வராந்தாவில் அந்த இட்லி அம்மா செய்துகொண்டிருந்தது இதைத்தான். நீங்கள் 11 நாளும் யார் கையையும் பிடித்த மாதிரி எழுதவில்லை. உங்கள் கையில் எப்போதும் ஃபைல் இருந்திருக்கும்.

அந்த ஃபைலைத்தான் சொல்ல வந்தேன். ஸ்கேன் ஃபிலிம் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த ரிப்போர்ட், ஃபார்மஸி பில் எல்லாம் அடைத்த அந்தப் பிளாஸ்டிக் ஃபைல் இன்னும் உங்கள் பீரோவில்தான் இருக்கும். அடுத்த ரிவ்யூவுக்கு அதை அண்ணனிடம் கொடுத்து, அவரையும் அப்பாவையும் மட்டும் அனுப்புங்கள். ஐசியூ பக்கம் போக வேண்டியதில்லை, ஓ.பி.தான், அவரால் முடியும். டாக்டர் சொன்னதில் பாதியை மறந்துவிட்டு வருவார், பரவாயில்லை. பி.பி. மாத்திரை சீட்டு எந்த உறையில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி மேலே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கிருந்து உங்களுக்குத்தான் ஃபோன் வரும்.